கபாப்ளாங்காவைத் தோற்கடித்த பஞ்சாப் கிராமத்துக்காரர்: யார் இந்த மிர் சுல்தான் கான்?

1930 முடிந்து 1931 பிறக்கும் நேரம். இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் வழக்கமான புத்தாண்டு செஸ் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு மேசையில் கருப்புக் காய்களுடன் உட்கார்ந்திருந்தவர் கியூபாவின் ஹோசே ரவுல் கபாப்ளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியன். 1916 தொடங்கி 1924 வரை, எட்டு வருஷம் ஒரு போட்டி ஆட்டத்தில்கூட தோற்காதவர்.

எதிரே வெள்ளைக் காய்களுடன் தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபி இளைஞர். ஐரோப்பிய விதிகளில் செஸ் ஆடக் கற்று அவருக்குச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. இங்கிலாந்துக்கு முதல்முறை வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

65 நகர்த்தல்களுக்குப் பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டவர் கபாப்ளாங்கா.

அந்த இளைஞர் மிர் சுல்தான் கான். செஸ் வரலாறு தெரிந்தவர்களுக்கு மிகவும் பரிச்சயமான பெயர். மற்றவர்கள் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே 2024-ல்தான். அந்த ஆண்டு பிப்ரவரியில், அவர் இறந்து 58 வருஷங்கள் ஆகப்போகும் நேரத்தில், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது.

இவ்வளவு தாமதம் ஏன்? உச்சத்தில் இருந்தவர் ஐந்தே வருஷத்தில் காணாமல் போனது எப்படி?

எங்கிருந்து வந்தார்?

சுல்தான் கான் 1900-களின் தொடக்கத்தில், பிரிக்கப்படாத பஞ்சாபில் உள்ள மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானின் குஷாப் மாவட்டத்தில் இருக்கிறது. ஒன்பது வயதில் அப்பாவிடம் செஸ் கற்றார். இருபதுகளின் தொடக்கத்திலேயே பஞ்சாபின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

அந்தப் பேச்சு அதே பகுதியைச் சேர்ந்த பெரும் நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானின் காதுக்குப் போனது. ராணுவப் பட்டமும் ஆங்கில அரசின் நம்பிக்கையும் பெற்றவர் அவர். குதிரை, வேட்டை, செஸ் எல்லாவற்றிலும் ஆர்வம் உண்டு. சுல்தான் கானைத் தன் பரிவாரத்தில் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய முறை செஸ்ஸைக் கற்க ஏற்பாடு செய்தார். 1928-ல் டெல்லியில் நடந்த அகில இந்திய சாம்பியன்ஷிப்பில் சுல்தான் கான் 8 ஆட்டங்களில் வென்று, ஒன்றை டிரா செய்து, ஒன்றில்கூட தோற்காமல் பட்டத்தை எடுத்தார்.

அடுத்த வருஷம் உமர் ஹயாத் கானுக்கு லண்டனில் பதவி கிடைத்தது. இந்தியாவுக்கான அமைச்சரின் ஆலோசனை மன்றத்தில் உறுப்பினர். அவர் கப்பல் ஏறியபோது சுல்தான் கானும் கூடவே போனார். ஒரு இந்திய செஸ் வீரரின் சர்வதேச வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது. அழைப்பிதழோ உதவித்தொகையோ வந்து போகவில்லை. இன்னொருவரின் பணி மாறுதலோடு சேர்ந்து போனார்.

செஸ் இந்தியாவில் பிறந்ததுதானே, புதுசா என்ன கற்க வேண்டும்?

நியாயமான கேள்வி. செஸ்ஸின் வேர் இந்தியாவின் சதுரங்கத்தில் இருப்பதாகத்தான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஆனா அது பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன பிறகு விதிகள் மாறிவிட்டன. இந்தியாவில் ஆடப்பட்ட வடிவம் தனி வழியில் போனது. வட்டாரத்துக்கு வட்டாரம் அதிலும் வித்தியாசம்.

சுல்தான் கான் சிறு வயதில் ஆடிய செஸ்ஸில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பிய முறையில் இரண்டு கட்டம் தாவலாம். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் கேஸ்லிங் இந்திய முறையில் கிடையாது. அதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். கடைசி வரிசையை எட்டும் சிப்பாய் நினைத்த காயாக மாற முடியாது. எந்தக் காய்க்குரிய கட்டத்தில் போய்ச் சேர்கிறதோ அந்தக் காயாகத்தான் மாறும்.

கேட்பதற்குச் சின்ன வித்தியாசங்கள்தான். விளைவு பெரியது. சிப்பாய் இரண்டு கட்டம் தாவினால் ஆட்டம் சட்டென்று சூடாகும், முதல் பத்து நகர்த்தல்களுக்குள்ளேயே மோதல் வந்துவிடும். அதனால்தான் ஐரோப்பாவில் ஆட்டத்தின் தொடக்கம் பற்றி மட்டும் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் எழுதப்பட்டன. அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவர்களிடம் முதல் 10, 15 நகர்த்தல்கள் மனப்பாடமாகவே இருக்கும். சுல்தான் கான் அந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்தவர். அவர்கள் நினைவிலிருந்து எடுத்து ஆடியதை, இவர் மேசையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

லண்டனில் என்ன ஆனது?

முதலில் சறுக்கல். 1929-ல் அவருடைய பயிற்சிக்காகவே லண்டனில் ஒரு சிறிய போட்டி நடத்தினார்கள். அதில் கடைசி இடத்தை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். அதே போட்டியில் அவரைவிட மேலே வந்த வில்லியம் வின்டர், ஃப்ரெடரிக் யேட்ஸ் என்ற இரண்டு முன்னணி ஆங்கிலேய வீரர்கள், அதன் பிறகு அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

அந்தக் கோடையிலேயே ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் நடந்தது. பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் போன சுல்தான் கான் அதில் பட்டம் வென்றார். பயிற்சிப் போட்டியில் கடைசி, சில மாதங்களில் நாட்டுக்கே முதல். அதன் பிறகு 1932, 1933 ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். மொத்தம் நான்கு முறை கலந்துகொண்டு மூன்று முறை பட்டம்.

இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மலேரியா, ஜலதோஷம், தொண்டைப் புண் என்று மாறி மாறி உடம்பு படுத்தியது. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட உட்காருவார் என்று கூட ஆடியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தில் என்ன நடந்தது?

செஸ் ஆடத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி பார்க்கலாம்.

தொடக்கத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். சுல்தான் கான் அவசரப்படவில்லை. ராஜாவின் பக்கத்துச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக முன்னே தள்ளி, கபாப்ளாங்காவின் குதிரையைப் பின்வரிசைக்கு விரட்டினார். கபாப்ளாங்கா நடுவில் திறந்திருந்த பாதை வழியாக இரண்டு யானைகளையும் இறக்கி எதிர்த்தாக்குதல் நடத்தினார். அதன் முடிவில் ஒரு பெரிய பண்டமாற்று: அவர் இரண்டு யானைகளைக் கொடுத்து சுல்தான் கானின் ராணியை எடுத்துக்கொண்டார்.

செஸ்ஸில் காய்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ராணிக்கு 9 புள்ளி, யானைக்கு 5. அதன்படி இரண்டு யானைகள் ராணியைவிடச் சற்று கூடுதல். ஆனா நிஜ ஆட்டத்தில் அது சூழ்நிலையைப் பொறுத்தது. ராணி தனியாகவே எல்லாத் திசையிலும் பாயும். எதிராளியின் காய்கள் காப்பில்லாமல் சிதறிக் கிடந்தால் ஒன்றிரண்டை அள்ளிக்கொண்டு போய்விடும். எல்லாம் ஒன்றையொன்று காத்துக்கொண்டு நின்றால் ராணிக்கு வேலை இருக்காது. அப்போது இரண்டு யானைகளின் கூட்டு பலம் மெல்ல மெல்லத் தெரியவரும்.

சுல்தான் கான் செய்தது அதைத்தான். ராணி நுழையக்கூடிய ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். தன் ராஜாவைப் பொறுமையாகப் பலகையின் இன்னொரு மூலைக்கு நடத்திக்கொண்டு போனார். கபாப்ளாங்காவின் ராணி எதிரி எல்லைக்குள் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் போவதும் வருவதுமாக இருந்தது. அதற்குத் தாக்க எதுவும் கிடைக்கவில்லை. தயாரிப்பெல்லாம் முடிந்த பிறகு வெள்ளை யானை எதிர்ப்பக்கத்துக்குள் இறங்கியது. அதோடு ஆட்டம் ஒரே திசையில் போனது.

மின்னலடித்த மாதிரி ஒரு நகர்த்தல், பிரமிக்க வைக்கும் பலி என்று எதுவும் இந்த ஆட்டத்தில் இல்லை. சிக்கலில்லாத நிலைகளில் சின்ன அனுகூலத்தை வைத்து எதிராளியை மெல்ல நெருக்குவதுதான் கபாப்ளாங்காவின் தனிச்சிறப்பு. அந்தப் பாணியிலேயே அவரை வென்றார் என்பதால்தான் செஸ் உலகம் இந்த ஆட்டத்தை இன்றும் பேசுகிறது.

அந்தப் போட்டியில் நெதர்லாந்தின் மேக்ஸ் யூவே முதலிடம். நான்கு வருஷம் கழித்து உலக சாம்பியன் ஆனவர் அவர். கபாப்ளாங்கா இரண்டாமிடம், சுல்தான் கான் மூன்றாமிடம்.

ஒரு ஆட்டம்தானே, அதிர்ஷ்டமா இருக்கலாமே?

இப்போதைய ஈலோ தரவரிசை முறை வழியாக யோசித்தால் இந்தக் கேள்விக்குப் பதில் தெளிவாகும். ஃபிடே அதை ஏற்றது 1970-ல்தான், அதாவது சுல்தான் கான் காலத்தில் அது இல்லை. இரண்டு பேருக்கு இடையே எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதை வைத்து, பலமானவர் எவ்வளவு எடுப்பார் என்று அது கணிக்கிறது. வித்தியாசம் 200 புள்ளி என்றால் பலமானவர் 100 ஆட்டங்களில் சுமார் 76 புள்ளி எடுப்பார். 400 என்றால் சுமார் 91. அதாவது மிகப் பெரிய இடைவெளியிலும் பலவீனமானவருக்குக் கொஞ்சம் கிடைக்கத்தான் செய்யும். ஒரே ஒரு ஆட்டத்தில் சின்னவர் பெரியவரை வெல்வது அபூர்வம்தான், அதிசயம் இல்லை.

ஆகவே ஒரு வெற்றியை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. தொடர்ச்சியாக என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

1930-ல் பெல்ஜியத்தின் லீஜ் நகரில் நடந்த வலுவான போட்டியில் சவேலி டார்டகோவருக்கு அடுத்து இரண்டாமிடம். 1931-ல் அதே டார்டகோவருடன் நேருக்கு நேர் 12 ஆட்டங்கள் ஆடி 6.5-5.5 என்று வென்றார். 1930 ஹாம்பர்க், 1931 பிராக், 1933 ஃபோக்ஸ்டோன் ஆகிய மூன்று ஒலிம்பியாட்களிலும் இங்கிலாந்து அணியின் முதல் பலகை அவருடையது. முதல் பலகை என்றால் ஒவ்வொரு நாட்டின் மிகச் சிறந்த வீரரோடும் மோத வேண்டும். பிராகில் 17 ஆட்டங்களில் 8 வெற்றி, 7 டிரா, 2 தோல்வி மட்டுமே. அங்கே சாலோ ஃப்ளோரையும் அகிபா ரூபின்ஸ்டீனையும் தோற்கடித்தார். அப்போதைய உலக சாம்பியன் அலெக்சாண்டர் அலெகைனுடன் டிரா செய்தார்.

தோல்விகளும் உண்டு. 1932-ல் ஃப்ளோருடன் ஆடிய தனிப் போட்டியில் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். ஆனாலும் 1930-களின் தொடக்கத்தில் உலகின் முதல் பத்து வீரர்களில் ஒருவராக அவர் இருந்தார் என்பதே செஸ் வரலாற்றாசிரியர்களின் பொதுவான கணிப்பு. அப்படிப் பார்த்தால் ஹேஸ்டிங்ஸ் ஆட்டம், வெளியில் தெரிந்த அளவுக்கு ஏற்றத்தாழ்வான ஆட்டமே இல்லை. அனுபவத்திலும் பெயரிலும் இருந்த இடைவெளி ஆட்டத் திறனில் இருக்கவில்லை.

பலகைக்கு வெளியே அவர் நிலை என்ன?

இங்கேதான் நிஜமான ஏற்றத்தாழ்வு இருந்தது. அதைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடும் இருக்கிறது.

அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் எழுதி வைத்த ஒரு சம்பவம் பிரபலம். 1933 ஒலிம்பியாடில் அமெரிக்க அணி தங்கம் வென்றது. அந்த நேரத்தில் உமர் ஹயாத் கான் தன் லண்டன் வீட்டுக்கு அணியினரை விருந்துக்கு அழைத்திருக்கிறார். அங்கே அவர்களுக்கு உணவு பரிமாறியவர் சுல்தான் கான். சில நாட்களுக்கு முன்புவரை அதே ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதல் பலகையில் ஆடியவர், இப்போது பரிமாறுபவராக நிற்பதைப் பார்த்து விருந்தினர்கள் தர்மசங்கடப்பட்டதாக ஃபைன் எழுதியிருக்கிறார்.

ஆங்கிலப் பத்திரிகைகளும் பிற்காலப் புத்தகங்களும் இந்தச் சித்திரத்தையே தொடர்ந்தன: எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர், ஆனால் செஸ் மேதை. இதை சுல்தான் கானின் குடும்பத்தினர் ஏற்கவில்லை. 2020-ல் அவரைப் பற்றி ஒரு ஆங்கில நூல் வெளிவந்தபோது அவருடைய பேத்தி வெளிப்படையாகவே மறுப்பு எழுதினார். தாத்தா வேலைக்காரரும் இல்லை, படிப்பறிவு இல்லாதவரும் இல்லை, காலனியப் பார்வைதான் அவரை அப்படிக் காட்டியது என்பது குடும்பத்தின் வாதம்.

எந்தச் சொல்லால் அழைத்தாலும் ஒரு விஷயம் மாறவில்லை. எந்த நாட்டில் இருப்பது, எப்போது போவது, எப்போது திரும்புவது என்ற முடிவுகள் உமர் ஹயாத் கானின் பயணத்தோடு கட்டப்பட்டிருந்தன. 1929 நவம்பரில், பிரிட்டிஷ் சாம்பியன் ஆன சில மாதங்களிலேயே சுல்தான் கான் இந்தியா திரும்பினார். 1930 மே மாதம்தான் மறுபடி ஐரோப்பா வந்தார். வளர்ந்துகொண்டிருந்த ஒரு வீரருக்கு அது சின்ன இடைவெளி இல்லை.

அதே வீட்டிலிருந்து இன்னொரு சாம்பியன்

அதே பரிவாரத்தில் இருந்த ஃபாத்திமா என்ற இளம்பெண்ணும் செஸ் ஆடினார். 1933-ல் சுல்தான் கான் மூன்றாம் முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆன அதே ஆண்டில், பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்ஷிப்பை வென்றவர் அவர்தான். ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு இந்தியர்கள், ஒரே வருஷத்தில் ஆண், பெண் இரண்டு பிரிட்டிஷ் பட்டங்களையும் எடுத்தார்கள். ஃபாத்திமாவின் சர்வதேச செஸ் வாழ்க்கையும் அதே வருஷத்தோடு முடிந்தது.

ஏன் நிறுத்தினார்?

1933 டிசம்பரில் உமர் ஹயாத் கான் இந்தியா திரும்பினார். பரிவாரமும் கூடவே திரும்பியது. 1935-ல் வி.கே. காதில்கர் என்ற முன்னணி இந்திய வீரருடன் 10 ஆட்டங்கள் ஆடினார் சுல்தான் கான். ஒன்பதில் வெற்றி, ஒன்று டிரா. ஆட்டத்திறன் மங்கியதற்கான அறிகுறியே இல்லை. ஆனா அதன் பிறகு அவர் பெரிய போட்டி எதிலும் ஆடவில்லை.

அன்றைய இந்தியாவில் செஸ் ஆடிப் பிழைக்க வழி இருக்கவில்லை. ஐரோப்பாவுக்குக் கப்பல் கட்டணம், தங்கும் செலவு, போட்டி அமைப்பாளர்களின் தொடர்பு எல்லாவற்றுக்கும் ஒரு புரவலர் வேண்டும். அந்தப் புரவலருக்கு ஐரோப்பாவில் வேலை முடிந்துவிட்டது. உமர் ஹயாத் கான் 1944-ல் இறந்தார்.

இதை முழுக்க ஒரு சோகக் கதையாகச் சொல்வதும் சரியாக இருக்காது. பல வருஷங்கள் கழித்து ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் பேசிய ஃபாத்திமா, இந்தியா திரும்பியதில் சுல்தான் கானுக்குப் பெரிய நிம்மதி இருந்ததாகவே நினைவுகூர்ந்தார். அந்தக் குளிரும் நோயும் அவரை அவ்வளவு வாட்டியிருந்தன. போட்டியை விட்டதை அவர் இழப்பாக நினைத்தாரா, விடுதலையாக நினைத்தாரா என்பதை அவரே எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிரிவினைக்குப் பிறகு அவர் ஊர் பாகிஸ்தானில் சேர்ந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு வாழ்ந்தார். தன் பிள்ளைகளுக்கு அவர் செஸ் பயிற்சி கொடுக்கவில்லை. வாழ்க்கைக்கு உபயோகமான வேறு எதையாவது செய்யச் சொன்னார் என்று மகன் ஒருவர் பின்னாளில் தெரிவித்திருக்கிறார். 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் காசநோயால் இறந்தார்.

கிராண்ட்மாஸ்டர் பட்டம் அப்போதே ஏன் கிடைக்கவில்லை?

ஃபிடே அதிகாரபூர்வமாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1950-ல். முதல் பட்டியலில் 27 பேர். டார்டகோவர், ஃப்ளோர், ரூபின்ஸ்டீன் மூவரும் அதில் இருந்தார்கள். மூவரையும் சுல்தான் கான் போட்டி ஆட்டங்களில் தோற்கடித்திருக்கிறார்.

அவர் ஆட்டத்தை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதால் சேர்க்கவில்லை என்று சொல்லலாமா? ரூபின்ஸ்டீனும் 1930-களின் தொடக்கத்திலேயே போட்டிகளை விட்டவர்தான். பழைய சாதனைகளுக்காகவே அவருக்குப் பட்டம் கிடைத்தது. 1950-ல் சுல்தான் கான் உயிரோடு இருந்தார், இன்னும் 16 வருஷம் வாழ்ந்தார். ஆனா அவர் பெயரை முன்மொழிந்து எடுத்துச் செல்ல ஒரு அமைப்போ நாடோ இருக்கவில்லை. அவர் ஆடிய காலத்துப் பிரிட்டிஷ் இந்தியாவே அப்போது இல்லை.

சரி, அவர் எந்த நாட்டு வீரர்?

பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்து, அகில இந்திய சாம்பியனாகி, இங்கிலாந்து அணிக்காக ஆடி, பாகிஸ்தான் குடிமகனாக இறந்தார். மூன்று நாட்டு செஸ் வரலாறுகளிலும் அவருக்கு ஒரு பக்கம் உண்டு. 2024-ல் ஃபிடே தலைவர் ஆர்காடி ட்வோர்கோவிச் பாகிஸ்தான் சென்றபோது பட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த வகையில் பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்ற பெயர் அவருக்கு, மறைவுக்குப் பிறகு கிடைத்தது.

இந்தியா தரப்பில் கணக்கு வேறு மாதிரி போனது. சுல்தான் கான் திரும்பி வந்து 28 வருஷம் கழித்து, 1961-ல்தான் மானுவல் ஆரோன் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன். இவர்களுக்குப் பின்னால் கிளப், பயிற்சியாளர், சங்கம், ஸ்பான்சர், தரவரிசை என்று ஒரு ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. ஒரு ஆளின் பயணத் திட்டம் மாறினால் ஒரு வீரரின் வாழ்க்கை நின்றுபோகும் நிலை அதனால் பெருமளவு மாறியது.

சுல்தான் கானுக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஐந்து வருஷத்துக்கும் குறைவான ஐரோப்பிய வாழ்க்கையில் மூன்று பிரிட்டிஷ் பட்டங்கள், மூன்று ஒலிம்பியாட்கள், கபாப்ளாங்காவுக்கு எதிரான ஒரு வெற்றி. ஹேஸ்டிங்ஸில் ஆடிய அந்த 65 நகர்த்தல்களும் இன்று இணையத்தில் எந்த செஸ் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு யானைகளுக்கு எதிராக ராணி எங்கே வேலையில்லாமல் நிற்க ஆரம்பிக்கிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே போனால் போதும், செஸ் அதிகம் தெரியாதவர்களுக்கும் அந்த ஆட்டம் பிடிபட்டுவிடும்.